விரல் போனால் முதலாளிக்கு என்ன செலவு?

பிறைவாசி:
2024 ஜூன் 1 முதல் மலேசியாவின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்தில் முதலாளிக்கான உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ஆகியிருக்கிறது. அது போதாது என்கிறேன். பினாங்கு மாநிலத்துப் பிறையில் ஓர் உலோகப் பட்டறையில், தகட்டை அச்சால் அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் இயந்திரம் ஓட்டினேன். இரு கைகளாலும் இரண்டு பொத்தான்களை ஒருசேர அழுத்தினால்தான் அச்சு இறங்கும். கை உள்ளே போக வழியில்லை. மேற்பார்வையாளர் ஒரு பொத்தானைக் கறுப்பு நாடாவால் அழுத்தி ஒட்டிவிட்டார். பழைய இயந்திரம், அதற்கும் ஓடியது. மிச்சமான கையால் அடுத்த தகட்டை எடுக்கலாம், வேகம் கூடும். மூன்றே வாரத்தில் பக்கத்தில் நின்ற நேப்பாளத் தம்பிக்கு இரண்டு விரல்கள் போயின. தொழிலாளர் காப்புறுதியைக் கவனிக்கும் அரசு நிறுவனமான சொக்சோ பணம் கொடுத்தது. மறுநாள் காலை அதே இயந்திரத்தில் வேறொருவர்.

பட்டறைக்காரர்:
தம்பி, அந்த நாடாவை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். ஆனால் எல்லாரையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். என்னிடம் பன்னிரண்டு பேர். ஐந்து பேர் இருந்தாலே பயிற்சி பெற்ற பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்கிறது சட்டம். ஆளைப் பயிற்சிக்கு அனுப்பினால் ஓர் இயந்திரம் நிற்கும். என்னிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனியோ வருடாவருடம் விலையைக் குறைக்கச் சொல்கிறது. பாதுகாப்புக்கென்று ஒரு சென்கூடச் சேர்த்துத் தருவதில்லை.

பிறைவாசி:
ஐயா, சரக்கு வாங்குபவர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் விபத்துக் காப்புக்கு முதலாளி சொக்சோவில் கட்டும் சந்தா சம்பளத்தில் சுமார் 1.25 விழுக்காடு. பத்து வருடம் ஒரு கீறல்கூட விழாத பட்டறைக்கும், வருடம் ஒரு விரலைக் காவு வாங்கும் பட்டறைக்கும் அதே விகிதம்தான். 1969ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவுப்படி, சொக்சோ காப்பு உள்ள தொழிலாளி அந்தக் காயத்துக்காக முதலாளிமீது வழக்குப் போடவும் முடியாது. ஒழுங்காக நடத்தும் உங்களுக்கு இதில் என்ன லாபம்? ஜெர்மனியில் தொழிலின் அபாயத்தையும் விபத்துக் கணக்கையும் பார்த்துச் சந்தாவைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள்.

பட்டறைக்காரர்:
இங்கே அப்படிச் செய்தால் விபத்தை மறைப்பார்கள்.

பட்டர்வொர்த் மீனா:
இப்போதே மறைக்கிறார்கள். நான் கிளினிக்கில் பதிவு எழுதுகிறேன். நசுங்கிய விரலோடு வந்தவர், "விடுதிக் கதவு இடித்துவிட்டது" என்றார். நகக்கண் முழுக்க இயந்திர எண்ணெய். கூட வந்த மேற்பார்வையாளர் ரொக்கமாகக் கட்டிவிட்டு அழைத்துப்போனார்.

பிறைவாசி:
தொழில்வழி நோயைக் கண்டால் மருத்துவரே அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. அதே கடமையை நசுங்கிய விரலுக்கும் நீட்டட்டும். ஐயா, அதற்காவது உடன்படுவீர்களா?

பட்டறைக்காரர்:
அதற்கு உடன்படுகிறேன். சந்தா விஷயத்தில் இல்லை.