'நெல் தரிசுப் பயறு': மாற்றுச் சொல் தேவை

தொகுப்பாளர்:
மேல்நிலை வேளாண் மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நெல் அறுப்பை ஒட்டி அதே வயலில் விதைக்கும் பயறு, அதாவது 'ரைஸ் ஃபாலோ பல்சஸ்' என்பதற்கு 'நெல் தரிசுப் பயறு' என்று போட்டிருந்தோம். மாணவர்களோ தரிசு நிலத்தில் விளையும் பயறு என்றே புரிந்துகொள்கிறார்கள். நல்ல சொல் ஒன்று தாருங்கள்.

மன்னார்குடியிலிருந்து:
தரிசு வேண்டவே வேண்டாம். சம்பா அறுப்புக்கு 7 முதல் 10 நாள் முன்னால், கதிர் நிற்கும்போதே, மண் மெழுகுப் பதத்தில் இருக்க உளுந்தோ பச்சைப்பயறோ தெளிப்போம். உழவு கிடையாது. மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியுமே வளர்த்துவிடும். நெல்லையே திரும்பத் திரும்ப வைத்த வயலுக்கு வேர்முடிச்சு வழியாகத் தழைச்சத்தும் கிடைக்கிறது. ஒரு நாளும் சும்மா கிடக்காத நிலத்தைத் தரிசு என்பதா? 'உளுந்து தெளிப்பு' என்றால் டெல்டாவில் யாருக்கும் புரியும்.

தமிழாசிரியர்:
தெளிப்பு வேலையின் பெயர், பயிரின் பெயராகாது. ஐங்குறுநூறு 47ஆம் பாட்டில் மீன் கொண்டுவந்த பாண்மகளின் (பாணர் குலப் பெண்ணின்) வட்டி, அதாவது கூடை, நிறைய மனைவி 'அரிகாற் பெரும்பயறு' இடுகிறாள். நெல் அரிந்த தாளிடையே விளைந்த பயறு அது. நற்றிணை 210இலும் அரிகால் உண்டு. அரிதல், அரிவாள், அரிகால் எல்லாம் ஒரே வேர். அரிசியும் அதில் சேரும் என்பது என் துணிபு.

மொழிபெயர்ப்பாளர்:
அரிசியை இன்னொரு நாள் பார்க்கலாம் ஐயா. அரிகால் என்றால் அறுத்த பிறகு. இங்கே விதை அறுப்புக்கு முன்பே விழுகிறது. பதினாறு வயதுப் பிள்ளைக்கு உரை இல்லாமல் புரியவும் வேண்டும். தாளடி என்றும் சொல்ல முடியாது, குறுவைக்கு அடுத்த நெல்லுக்கு அந்தப் பெயர் போய்விட்டது. நெல்லின் அடியில் முளைப்பதால் 'நெல்லடிப் பயறு' எப்படி?

மன்னார்குடியிலிருந்து:
நெல்லடி என்றால் களத்தில் நெல் அடிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. அப்புறம், இன்னொன்று: அறுவடை இயந்திரம் வந்தபின் முளைத்த செடி சக்கரத்தில் நசுங்குகிறது. அதனால் அறுத்த பிறகே தெளிப்பவர்களும் உண்டு.

தமிழாசிரியர்:
அப்படியானால் அரிகால் இன்னும் பொருந்துகிறதே!

தொகுப்பாளர்:
சரி, குழுவில் நால்வர் 'நெல்லடிப் பயறு' பக்கம், இருவர் 'அரிகால் பயறு' பக்கம். தலைப்பில் நெல்லடிப் பயறு, அடைப்புக்குள் பழையபடி 'நெல் தரிசுப் பயறு'. வேளாண் துறை அறிவிப்புகளில் மாணவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள்.

தமிழாசிரியர்:
அடைப்புக்குள்ளும் தரிசு கூடாது. என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.