தம்பிக்குக் கார்ட்டூன் செய்யப் பழக வேண்டும். 4 ஜிபி லப்டொப்பை வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது?

விசுவமடு அக்கா:

வணக்கம். கேள்வி எனக்கு இல்லை, தம்பிக்கு. வயது 17. உயர்தரம் படிக்கிறான். ஆனால் கொப்பியைத் திறந்தால் பாடக் குறிப்பை விடப் படங்கள்தான் கூட. பௌதிகவியல் கொப்பியின் ஓரத்தில் ஒரு கொக்கு. பக்கங்களைச் சரசரவென்று புரட்டினால் அது குனிந்து மீனைக் கொத்தி நிமிரும். வகுப்பு ரீச்சர் அதைப் பிடித்து அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். அம்மா பேச்சு வாங்கிக்கொண்டு வந்து அவனை ஏசினார். அன்றிரவு குசினியில் தனியாக இருந்து தானும் இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். நான் கண்டதைச் சொல்லவில்லை.

அவனுக்கு மூன்றும் வேண்டுமாம்: கார்ட்டூன், சித்திரக்கதை, கேம். போன வருடம் மல்டிமீடியா கோர்ஸ் என்று ஒரு இடத்துக்கு மூன்று மாதம் அனுப்பினோம். நெல் விற்ற காசு. கலியாண அல்பத்துக்கு முகம் வெட்டி ஒட்டவும் பிறந்தநாள் பனர் அடிக்கவும்தான் பழக்கினார்கள். சான்றிதழ் மட்டும் நல்ல பளபளப்பு.

எங்களிடம் இருப்பது 4 ஜிபி ராம் உள்ள ஒரு பழைய லப்டொப் (பற்றரி செத்துவிட்டது, வயரைக் கழற்றினால் நின்றுவிடும்), பிறகு என்னுடைய அன்ட்ரொயிட் போன். வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடு, கிணற்றடிக்குப் போனால் மூன்று. ஆங்கிலம் வாசித்தால் பாதி விளங்கும், வேகமாகக் கதைத்தால் அவனுக்குப் பிடிபடாது. இலவசமாக, உருப்படியாக எதிலிருந்து தொடங்கலாம்? தயவுசெய்து பட்டியல் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே ஒருவர் 40 இணைப்பு அனுப்பினார். நாற்பதையும் திறந்து பார்த்ததோடு சரி.

வவுனியா பெடியன்:

யூரியூப்பில் தேடினால் எல்லாம் வரும் அக்கா. பிளென்டரை இறக்கச் சொல்லுங்கோ. இப்ப எல்லாரும் அதுதான்.

பரந்தன் சந்திக் கடை:

தங்கச்சி, பிளென்டரை இப்போதைக்கு விடுங்கள். முப்பரிமாணப் படம் செய்ய நல்ல சாமான்தான். 2002இல், அதைச் செய்த கம்பனி மூடிய பிறகு, பாவித்தவர்களும் மற்றவர்களும் ஏழு வாரத்தில் 1 லட்சம் யூரோ சேர்த்துக் கொடுத்து அதை எல்லாருக்கும் பொதுவாக்கினார்கள். 2025இல் ஒஸ்கார் வாங்கிய லத்வியாப் பூனைப் படம் 'ஃப்ளோ' அதில் செய்ததுதான். ஆனால் இப்போது வருகிற பிளென்டர் குறைந்தது 8 ஜிபி ராம் கேட்கும். உங்கள் லப்டொப்பில் அது ஒருவேளை திறக்கும், சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டியைக் காட்டும். தம்பி அதைத் திருப்பப் பார்ப்பான். விசிறி நெல் தூற்றுகிற மெசின் மாதிரிச் சத்தம் போடும், பெட்டி அசையாது. கடைசியில் பிள்ளை தனக்குத்தான் ஏலாது என்று நினைத்துக்கொள்வான். என் கடையிலேயே நாலைந்து பேரை இப்படிப் பார்த்துவிட்டேன்.

நான் சந்தியில் ஃபோட்டோக் கொப்பி, பாஸ்போட் படம், ரீலோட் போடுகிற ஆள். எனக்குக் கீறத் தெரியாது. ஞாயிறு பின்னேரம் சனம் குறைவு என்பதால் சில பிள்ளைகள் வந்து என் கணினியில் குந்துவார்கள். அதனால் எந்த மெசினில் எது ஓடும், எது ஓடாது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

கார்ட்டூனுக்கு உங்கள் போனே காணும். ஃபிளிப்பாகிளிப் என்ற செயலியைப் போடுங்கள். இலவசமாகப் பாவித்தால் வீடியோவில் அவர்களுடைய பெயர் விழும், விழட்டும். கொப்பி ஓரத்தில் செய்த அதே வேலையைத்தான் அதிலும் செய்யப் போகிறான். முந்தைய படம் மங்கலாகக் கீழே தெரியும், அதற்கு மேல் அடுத்ததைக் கீற வேண்டியதுதான். விநாடிக்கு 12 படம் வைக்கச் சொல்லுங்கள். சினிமா 24 பிரேமில் ஓடினாலும், கையால் கீறுகிறவர்கள் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்திப் பன்னிரண்டோடு சமாளிப்பது பழைய வழக்கம். லப்டொப்பில் செய்ய ஆசை என்றால் பென்சில் 2டி பாரமில்லாதது. கிரிட்டா என்ற படம் கீறும் மென்பொருளிலும் அனிமேசன் செய்யலாம், ஆனால் பெரிய படமாகத் திறந்தால் 4 ஜிபி திணறும்.

ஒரு கதை சொல்கிறேன். கடைக்கு வருகிற பிள்ளை ஒருவன் மாடு நடப்பதைக் கீறிக்கொண்டு வந்தான். முன்கால் இரண்டும் சேர்ந்து போகிறது, பின்கால் இரண்டும் சேர்ந்து போகிறது. மேசை நடந்தால் அப்படித்தான் நடக்கும். எனக்கும் எது பிழை என்று சொல்லத் தெரியவில்லை. பூநகரி ரோட்டில் பின்னேரம் பட்டி திரும்பும், போய் வீடியோ எடுத்துக்கொண்டு வா என்றேன். கணினியில் வீடியோ பார்க்கிற விஎல்சியில் அதைப் போட்டு, விசைப்பலகையில் ஈ என்ற ஆங்கில எழுத்தை அமத்தினால் படம் ஒவ்வொரு பிரேமாக நகரும். அப்படி அமத்தி அமத்திப் பார்த்தோம். முதலில் ஒரு பக்கத்துப் பின்கால், அடுத்தது அதே பக்கத்து முன்கால், பிறகு மற்றப் பக்கத்துப் பின்கால், அதன் முன்கால். பின்கால் வந்து ஊன்றுகிற இடம், முன்கால் எழும்பிப் போன தடத்துக்குப் பக்கத்திலேயே. தலையும் சும்மா இராது, மேலும் கீழும் ஆடும். அந்தத் தலையாட்டம் இல்லாவிட்டால் மாட்டுக்குப் பாரம் வராது. 16 படம் கீறி முடிக்க அவனுக்கு இரண்டு ஞாயிறு போனது. இப்போது மாடு ரோட்டை மறித்தால் பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான், இவன் கால் எண்ணிக்கொண்டு நிற்கிறான்.

படிக்க ஒரே ஒரு இடம் சொல்கிறேன்: கான் அக்கடமி என்ற கற்றல் தளத்தில் 'பிக்சார் இன் எ பொக்ஸ்'. கார்ட்டூன் படம் எடுக்கிற பிக்சார் கம்பனி ஆட்களே 2015இல் சேர்ந்து தொடங்கினது, காசில்லை. ஆங்கிலம்தான், ஆனால் சிறு சிறு வீடியோக்கள், வேகத்தைக் குறைத்துக் கீழே வரும் எழுத்தை வாசிக்கலாம். பௌதிகம் படிக்கிற பிள்ளை என்கிறீர்கள், அப்படியென்றால் புல் வளைவதைப் பரவளைவால் எப்படிச் செய்கிறார்கள் என்ற பகுதியில் தொடங்கட்டும். ரீச்சருக்கும் காட்டலாம்.

டேட்டாவைக் கிணற்றடியில் நின்று கரைக்க வேண்டாம். முல்லைத்தீவு பஸ்ஸில் வந்து சந்தியில் இறங்கச் சொல்லுங்கள், பென் டிரைவோடு. கிரிட்டா, பென்சில் 2டி, கேம் செய்வதற்கு ஸ்கிராச், கொடோ எல்லாம் இறக்கி வைத்திருக்கிறேன். கட்டற்ற மென்பொருள், கொப்பி பண்ணிக் கொடுப்பது களவில்லை. கிராக் பண்ணின அடோபி மட்டும் கேட்கக் கூடாது. வைரஸ் வந்து ஒரு மாதம் கடை கணினி படுத்துக் கிடந்தது.

ஒட்டுசுட்டான் ரீச்சர்:

நான் சித்திரம் படிப்பிக்கிறேன். கொக்கைப் பிடித்தது நான் இல்லை, முதலே சொல்லிவிடுகிறேன்.

சித்திரக்கதையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதற்குக் கணினி பிறகு. ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கப் புத்தகம் வரும். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தால் போதும் என்பதால் இருபது பிரதி எடுக்கவும் பெரிய செலவில்லை. எட்டுப் பக்கத்தில் முடிக்கத் தெரியாதவர் எண்பது பக்கத்திலும் முடிக்க மாட்டார். என் மாணவர்களில் ஏழு பாகத் தொடருக்கு அட்டைப்படம் மட்டும் கீறி வைத்திருப்பவர்கள் ஏராளம்.

இணையத்தில் பார்க்க வேண்டியது 'பெப்பர் அன்ட் கரட்'. ஒரு குட்டிச் சூனியக்காரியும் அவளுடைய பூனையும் வருகிற தொடர். முழுவதும் இலவசம். படைத்தவர் தான் கிரிட்டாவில் கீறிய மூலக் கோப்புகளையும் இறக்கத் தந்திருக்கிறார். திறந்து ஒவ்வொரு படலமாக (லேயர்) மூடித் திறந்தால், கோடு எங்கே, நிழல் எங்கே, நிறம் எந்த வரிசையில் போட்டார் என்று தெரியும். பெயரைக் குறிப்பிட்டால் எடுத்துப் பாவிக்கவும் அனுமதி உண்டு.

மற்றது நூலகம் தளம். 2005 முதல் எங்கள் பழைய சஞ்சிகைகளையும் புத்தகங்களையும் மின்வருடிப் போட்டு வைத்திருக்கிறார்கள். பரீட்சைக்கு மட்டும் தேடுகிற இடம் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்தச் சஞ்சிகைகளில் கதைக்குக் கீறிய படங்களைப் பாருங்கள், எங்கள் படலையும் வேலியும் சைக்கிளும் எப்படி இரண்டு கோட்டில் வந்திருக்கின்றன என்று. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வகுப்பில் கதை கீறச் சொன்னால் எல்லாப் பாத்திரத்துக்கும் முள்முள்ளாகத் தலைமயிர், யப்பான் பெயர், பின்னால் மாடிக் கட்டடம். கீறுகிற பிள்ளையோ முத்தையன்கட்டு வாய்க்காலில் குளித்துவிட்டு வந்தது. வற்றாப்பளை அம்மன் கோயிலில் கடல்நீரில் விளக்கெரியும் கதையை ஒரு பிள்ளை மட்டும் கீறினாள். தண்ணீரைக் குடத்தில் மொள்ளும் கையை மட்டும் ஆறு கட்டத்தில் காட்டினாள். எனக்கு அது போதும்.

இன்னொன்று, தமிழில் செய்பவர்கள் எல்லாரும் இடறுகிற இடம். எங்கள் சொற்கள் நீளம். படத்தைக் கீறி முடித்துக் கடைசியில் பேச்சுக் குமிழ் வைத்தால் 'கேட்டுக்கொண்டிருந்தேன்' அதற்குள் அடங்காது, முகத்தை மறைக்கும். ஆகவே முதலில் வசனத்தை எழுதுங்கள், அதைச் சுற்றிக் குமிழ், மிச்ச இடத்தில் ஆட்கள். எழுத்துருவுக்குக் கூகுள் ஃபொன்ற்ஸில் 'கவிவாணர்' இருக்கிறது, கையால் எழுதியது போலச் சற்றே சாய்ந்திருக்கும். எங்கள் நாட்டுக்காரரான தாரிக் அஸீஸ் வடிவமைத்தது.

விசுவமடு அக்கா:

எல்லாருக்கும் நன்றி. ரீச்சர், எட்டாக மடிப்பதை நான் முதலில் செய்து பார்த்தேன், பக்கம் தலைகீழாக வந்தது. அவன் ஒரே தரத்தில் மடித்துவிட்டான்.

போன ஞாயிறு பென் டிரைவோடு கடைக்கு வந்தவன் என் தம்பிதான். கொடோவில் ஒரு மீன்பிடிக் கேம் தொடங்கியிருக்கிறான். ஒரு சிக்கல். 'கெளுத்தி' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. 'விரால்' ஒழுங்காக வருகிறது. அதனால் இப்போதைக்குக் குளத்தில் விராலும் இறாலும் மட்டும்தான். ஏன் இப்படி?

அறிவியல்நகர் மூன்றாம் வருடம்:

அக்கா, அவர் வைத்திருப்பது கொடோ 3ஆக இருக்கும். பழைய மெசினிலும் ஓடும் என்றுதான் கடை அண்ணா அதைக் கொடுத்திருப்பார். தமிழில் கொம்பு, எழுத்துக்குப் பிறகுதான் கோப்பில் பதிவாகும். அதை முன்னுக்குக் கொண்டுவந்து காட்டுவது எழுத்தை அடுக்குகிற மென்பொருளின் வேலை. கொடோ 3க்கு அது தெரியாது. 2023இல் வந்த கொடோ 4க்குத் தெரியும்.

4ஐ இறக்கி, புதிய புரொஜெக்ட் தொடங்கும்போது 'கொம்பாட்டிபிலிட்டி' என்ற வகையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். லப்டொப்பின் கிராஃபிக்ஸில் ஓபன்ஜிஎல் 3.3 என்ற வசதி இருந்தால் அது ஓடும். அதுவும் இல்லாத லப்டொப் என்றால் ஒரு குறுக்கு வழி: பாமினி எழுத்துரு. பனர் கடைகளில் இன்னும் பாவிக்கிறார்களே, அதே பாமினிதான். அதில் கொம்பும் தனி எழுத்தாக, நாம் அடிக்கிற வரிசையிலேயே நிற்கும். ஆகவே கொடோ 3இலும் 'கெளுத்தி' சரியாக வரும். பழைய எழுத்துரு என்று நக்கலடிக்கிறவர்கள் அடிக்கட்டும். அதுவும் வேண்டாம் என்றால், இங்க்ஸ்கேப் என்ற படம் கீறும் மென்பொருளில் எழுதிப் படமாக எடுத்து ஒட்டலாம்.

கொடோ தனியாக நூறு எம்பிக்குள் வரும், இன்ஸ்டோலும் தேவையில்லை. ஆனால் கேமை மற்றவர் விளையாடக் கோப்பாக வெளியே எடுக்க எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் என்று ஒன்று வேண்டும், அது ஒரு ஜிபியை ஒட்டி வரும். தெரியாமல் கிணற்றடியில் அமத்திவிட வேண்டாம். எனக்கு அப்படி ஒரு டேட்டாப் பொதி முழுதாகப் போனது.

மீன், தண்ணீர், பட்டன் எல்லாம் தானே கீறுகிறேன் என்று நிற்பார். மீனைக் கீறட்டும், பட்டனைக் கென்னி தளத்தில் எடுக்கட்டும். அங்குள்ளவை எதற்கும் பாவிக்கலாம், பெயர் குறிப்பிடவும் தேவையில்லை. முடிந்ததும் இட்ச் தளத்தில் ஏற்றலாம், காசு கட்டத் தேவையில்லை. அங்கே எந்த நாளும் ஏதாவது ஒரு கேம் ஜாம் நடக்கும்: தலைப்புத் தருவார்கள், இரண்டு மூன்று நாளிலோ ஒரு வாரத்திலோ செய்து முடிக்க வேண்டும். நான் முதல் ஜாமில் செய்த கேமில் படகு கரையைத் தாண்டித் தரையில் ஓடியது. அப்படியே ஏற்றினேன். யாரோ ஒருவர் 'படகு தரையில் போவது பிடித்திருக்கிறது' என்று எழுதியிருந்தார். நான் திருத்தவில்லை.

விசுவமடு அக்கா:

கொடோ 4 ஓடுகிறது. கெளுத்தியும் வந்துவிட்டது.

கேமை நிறுத்திவைத்து இப்போது கொக்கைப் போனில் கீறியிருக்கிறான். மூன்று விநாடி, 36 படம். அம்மாவிடம் காட்டினான். அவர் நாலைந்து தரம் போட்டுப் பார்த்துவிட்டு, கொக்கு மீனைத் தூக்கினால் மீன் துடிக்காதா, இது என்ன கருவாடா என்றார். இரவிலிருந்து மீனுக்கு வால் கீறிக்கொண்டிருக்கிறான். போன் எனக்குக் கிடைக்கவில்லை, இதைப் பக்கத்து வீட்டுப் போனில் எழுதுகிறேன்.

பரந்தன் சந்திக் கடை:

அம்மா சொன்னது சரி. தங்கச்சி, அவன் பென் டிரைவை இங்கேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். லாச்சிக்குள் இருக்கிறது, வரும்போது எடுக்கச் சொல்லுங்கோ.