பொம்பிடு மையம்: தூணும் குழாயும் வெளியே இருப்பது கலைக்கு நல்லதா?

நிலவன்: பாரிஸின் தற்காலக் கலைக்கூடமான பொம்பிடு மையத்தை 2025-ல் மூடிவிட்டார்கள். மறுபடி திறக்க 2030 ஆகுமாம். ஆஸ்பெஸ்டாஸை அகற்ற வேண்டும், துருவைச் சரிசெய்ய வேண்டும். 1997 முதல் 2000 வரை ஏற்கெனவே ஒரு பெரிய மராமத்து நடந்தது. தூண், குழாய், எஸ்கலேட்டர் எல்லாவற்றையும் மழையில் நிறுத்தினால் வேறென்ன ஆகும்? அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர்கள் ரென்சோ பியானோவும் ரிச்சர்ட் ரோஜர்ஸும் கலையைவிடக் கட்டடத்தைத்தான் காட்டினார்கள்.

செல்வி: ஏன் வெளியே வைத்தார்கள் என்று சொல்லவே இல்லையே நிலவன்? உள்ளே காட்சித் தளங்களில் ஒரு தூண்கூடக் கிடையாது. எதிரெதிர்த் தூண்வரிசைகளுக்கு நடுவே 48 மீட்டர்! பொறியாளர் பீட்டர் ரைஸின் குழு இதற்காகவே ‘ஜெர்பரெட்’ என்ற வார்ப்பு எஃகுக் கையை வடிவமைத்தது. ஒவ்வொன்றும் சுமார் 8 மீட்டர் நீளம், பத்து டன் எடை. அது தூணில் ஊசியால் கோக்கப்பட்டு ஏற்றமரம் மாதிரி நிற்கிறது. உட்புறக் குட்டைக் கை தளத்தின் விட்டத்தைச் சுமக்கிறது, வெளிப்புற நீளக் கையைக் கம்பிகள் கீழே இழுத்துப் பிடிக்கின்றன. தூண்களுக்குள் தண்ணீர், தீப்பிடித்தால் எஃகு சூடேறாமல் இருக்க. இதில் எது வெறும் அலங்காரம்?

நிலவன்: பொறியியலை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திறந்த வெளியில் ஓவியத்தை எங்கே மாட்டுவது? 1985-ல் கட்டடக் கலைஞர் கே அவுலெந்தி உள்ளே சுவர் எழுப்பி அறைகளாகப் பிரிக்க வேண்டியிருந்தது. திறந்து எட்டே வருடம்!

செல்வி: அதுதான் என் கட்சியும். ஒரு தூணைக்கூடத் தொடாமல் அறைகளை எழுப்ப முடிந்ததே! 2000-க்குள் அலுவலகங்களை வெளியேற்றி அந்த இடத்தையும் காட்சிக்கூடமாக்கினார்கள். சுமை தாங்கும் சுவர்களோடு கட்டியிருந்தால் இதைச் செய்ய இடித்துத்தான் ஆக வேண்டும்.

ரஹீம்: ஏசி வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒன்று. நீலக் குழாய் காற்று, பச்சை தண்ணீர், மஞ்சள் மின்சாரம். எது எங்கே போகிறது என்று தெருவிலிருந்தே தெரிகிறது. கூரையைப் பிரிக்காமல் பழுது பார்க்கலாம். அப்புறம், ஆஸ்பெஸ்டாஸ் எழுபதுகளில் எல்லா ஊர்க் கட்டடங்களிலும் போட்டதுதான். அந்தப் பழியைக் குழாய்கள்மேல் போடாதீர்கள்.

நிலவன்: ஆஸ்பெஸ்டாஸ் விஷயம் சரி ரஹீம் பாய். துருவுக்கு என்ன பதில்? வெளியே நிற்கும் எஃகுக்குக் காலமெல்லாம் பெயின்ட் அடிக்க வேண்டும். அந்தப் பணத்தில் ஓவியம் வாங்கலாம்.

செல்வி: பெயின்ட் செலவு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளைய கலைஞர் என்ன கொண்டுவருவார் என்று யாருக்குத் தெரியும்? ஓவியமாக இருக்கலாம், அறை நிறையும் எந்திரமாகவும் இருக்கலாம். தற்காலக் கலைக்கூடம் அதற்கும் இடம் வைக்க வேண்டும். அந்தச் செலவு தகும்.