மறுமடல்: ரிசர்வ்டு மெமரி ‘ஒதுக்கப்பட்ட நினைவகம்’ ஆகாது, ‘காப்பு நினைவகம்’ என்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ‘ரிசர்வ்டு மெமரி’க்கு ‘ஒதுக்கப்பட்ட நினைவகம்’ என்று நம் கணினிக் கலைச்சொல் பட்டியலில் ஏறியிருப்பதைப் பார்த்தேன். அதை இறக்கச் சொல்லத்தான் இந்த மடல். குழுவில் வந்த கேள்விகளை நடுநடுவே எடுத்தெழுதிப் பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

‘அலோகேட்’ என்பதற்கு ‘ஒதுக்கு’ என்று எப்போதோ முடிவாகி, நினைவக ஒதுக்கீடு என்று எழுதிப் பழகிவிட்டோம். இட ஒதுக்கீட்டில் வருகிற ஒதுக்கீடோ ரிசர்வேஷன். ஊருக்குள் ஒரே சொல் இரண்டு வேலையும் பார்க்கிறது, யாருக்கும் குழப்பமில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் போனால் இரண்டும் எதிரெதிர்த் திசை. அலோகேட் என்றால் பொதுக் குவியலிலிருந்து கேட்டவருக்கு எடுத்துக் கொடுப்பது; வேலை முடிந்ததும் அது குவியலுக்குத் திரும்ப வேண்டும். ரிசர்வ் என்றால் அந்தக் குவியலுக்கே போகவிடாமல் பிடித்து வைப்பது.

இதன் விலையை எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பார்த்தேன். சிறிய ஆர்ம் போர்டு ஒன்று. அதன் டிவைஸ் ட்ரீயில் (போர்டில் என்னென்ன இருக்கின்றன என்று கெர்னலுக்குச் சொல்லும் விவரப் பட்டியலில்) ‘ரிசர்வ்டு-மெமரி’ என்ற கணுவின் கீழ் 16 எம்பி, ‘நோ-மேப்’ (முகவரி வரைபடத்தில் சேர்க்காதே) என்ற குறிப்போடு. அந்த இடத்தை மெம்ரீமேப் செய்து, அதாவது கெர்னல் முகவரியோடு இணைத்து, படிக்க ஒரு டிரைவர் எழுத வேண்டும். நன்றாகப் படிக்கிற தம்பி ஒருவன் எழுதி, ரிவ்யூவுக்கு முன்பே ஓட்டியும் பார்த்துவிட்டான். டிரைவர் மாட்யூலைக் கழற்றியதும் கெர்னல் ஊப்ஸ், அதாவது கெர்னலுக்குள்ளேயே பிழை. கோடைத் திறந்தால், ரிமூவ் ஃபங்ஷனில், இணைப்பை எடுக்கும் மெம்அன்மேப் இருக்க வேண்டிய இடத்தில், அலோகேட் செய்ததைத் திருப்பிக் கொடுக்கும் கேஃப்ரீ இருக்கிறது. ஏன்டா தம்பி என்றேன். “ஒதுக்கின மெமரியை விடுவிக்காம போகக் கூடாதுன்னு நீங்கதானேண்ணே நோட்ஸ்ல எழுதியிருக்கீங்க” என்றான். எழுதியிருந்தேன், நினைவகத்தை அலோகேட் செய்யும் கேமல்லாக் பாடத்தில். மூன்று பக்கம் தள்ளி, இந்த 16 எம்பியையும் ‘ஒதுக்கப்பட்ட நினைவகம்’ என்றே எழுதியிருந்தேன். அவன் படித்தது சரி, என் சொல்தான் தவறு.

> மெம்பிளாக்கைப் பாருங்கள். பூட் ஆகும்போது அலோகேட் செய்வதே ரிசர்வ் பட்டியலில் சேர்த்துத்தான். அப்புறம் இரண்டு சொல் எதற்கு?

நல்ல கேள்வி, முழுப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. மெம்பிளாக் என்பது பூட் நேரத்தில் நினைவகத்தைக் கவனிக்கும் கெர்னல் பகுதி. அதனிடம் இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று, இருக்கிற நினைவகம் எது என்பது. மற்றொன்று, அதில் கை வைக்கக் கூடாதவை எவை என்பது. மெம்பிளாக் அலோக் கூப்பிட்டால், இரண்டாவது பட்டியலில் இல்லாத இடமாகப் பார்த்து எடுத்து, அதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட்டுத்தான் முகவரியைத் திருப்பித் தருகிறது. பிறகு, பொதுக் குவியலைப் பார்த்துக்கொள்ளும் ‘பட்டி’ (buddy) அலோகேட்டர் பொறுப்பேற்கும்போது, முதல் பட்டியலில் இரண்டாவதைக் கழித்து மிஞ்சியது மட்டுமே அதன் கைக்குப் போகும். ஆக அங்கே ஒதுக்கீடு என்பது நோக்கம், ரிசர்வ் என்பது அதைச் செய்யும் வழி. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் ‘ஒதுக்கி ஒதுக்குகிறது’ என்று எழுத வேண்டிவரும். தனிச்சொல் இருந்தால்தான் இந்த ஃபங்ஷனுக்கே விளக்கம் எழுத முடியும்.

என் பரிந்துரை ‘காப்பு’. இது நான் உருவாக்கியதும் இல்லை. ‘ரிசர்வ் ஃபாரஸ்ட்’டைக் காப்புக்காடு என்றுதான் செய்தித்தாள்கள் எழுதுகின்றன, மலையடிவார ஊர்களில் மக்கள் பேசுவதும் அப்படித்தான். காடு அங்கேயே இருக்கிறது, அளவும் எல்லையும் பதிவாகியிருக்கின்றன, ஆனால் பட்டா போட்டு யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். நமக்கு வேண்டிய பொருள் அப்படியே இருக்கிறது. ‘சேம நினைவகம்’ என்றும் ஒரு பரிந்துரை வந்தது. சேமக் காவல் படை என்ற வழக்கு இருப்பதால் அதையும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் கணினியில் ‘சேமி’ என்றால் சேவ். அடுத்தடுத்து வந்தால் தடுக்கும்.

வினைச்சொல்தான் என்னை இன்னும் உறுதியாக்கியது. கோயில் திருவிழாவில் காப்புக் கட்டுவார்கள். எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடிந்து காப்பு அவிழ்க்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது. கெர்னல் நினைவகத்தைப் ‘பக்கம்’ (பேஜ்) என்ற சம அளவுத் துண்டுகளாகப் பார்க்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்ட்ரக்ட் பேஜ் என்ற ஒரு விவரப் பதிவு உண்டு, அதில் பிஜி ரிசர்வ்டு என்று ஒரு கொடி. அந்தக் கொடி ஏறிய பக்கத்தைப் பட்டி தொடாது. அது பக்கத்தின் மணிக்கட்டில் கட்டிய காப்பேதான். பூட் முடிந்ததும் ‘ஃப்ரீயிங் அன்யூஸ்டு கெர்னல்’ என்று தொடங்கும் ஒரு வரி டிமெசேஜில் (கெர்னல் செய்திப் பதிவில்) வருமே, அங்கே நடப்பது காப்பு அவிழ்ப்பு: இனித் தேவையில்லாத தொடக்கக் கோடு இருந்த பக்கங்களில் கொடியை இறக்கிப் பொதுக் குவியலில் சேர்க்கிறார்கள். எனவே ரிசர்வ் செய்தல் ‘காப்புக் கட்டு’, அன்ரிசர்வ் ‘காப்பு அவிழ்’. கட்டியதை அவிழ்த்தாயா என்று ரிவ்யூவில் கேட்டால் எந்த மாணவருக்கும் புரியும்.

> காப்பு என்றால் பேக்கப் இல்லையா?

பேக்கப்பை நாம் காப்புநகல், காப்புப்பிரதி என்று பின்னொட்டோடுதான் எழுதுகிறோம், வெறும் காப்பு என்று எழுதுவதில்லை. ‘காப்பு நினைவகம்’ என்று படிக்கிறவர் ஒரு நொடி தயங்கலாம், அதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நொடித் தயக்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம், ஊப்ஸைத் தாங்க முடியாது.

‘நோ-மேப்’ பகுதிக்குத் ‘தீண்டா நினைவகம்’ என்று தனிமடலில் ஒரு பரிந்துரை வந்தது. அந்தச் சொல்லை நம் பட்டியலில் ஏற்றக் கூடாது என்று வேண்டிக் கேட்கிறேன். மனிதர்கள் மேல் அது செய்த கொடுமை போதும். ‘ஒதுக்கி வைத்த’ என்பதையும் அதே காரணத்துக்காகத்தான் தவிர்க்கிறேன். கெர்னல் தன் முகவரி வரைபடத்தில் சேர்க்காத இடம் அது, எனவே ‘வரைபடம் சேராக் காப்பு’ போதும்.

இன்னொன்று. ஆங்கிலத்தில் ரிசர்வ் என்று வரும் இடமெல்லாம் காப்பு என்று போட்டுவிடாதீர்கள். அங்கே ஒரே சொல்லுக்குள் வேறு வேறு பொருள்கள் உட்கார்ந்திருக்கின்றன. கிராஷ்கெர்னல்=256எம் என்று பூட் வரியில் கொடுக்கிறோமே, அது காப்புதான்: முதல் கெர்னல் விழுந்தால் இரண்டாவது எழுந்து டம்ப் (விழுந்த நேரத்து நினைவகத்தின் நகல்) எடுக்கப் பிடித்து வைத்த இடம். ஆனால் ஹியூஜ்பேஜில், அதாவது வழக்கத்தைவிடப் பெரிய பக்கங்களில், வரும் ரிசர்வ் காப்பு இல்லை, அது முன்பதிவு. 2 எம்பி பக்கங்கள் 20 வைத்து நேற்றும் ஓட்டிப் பார்த்தேன். 10 எம்பிக்கு எம்மேப் செய்ததும் (நிரலுக்கு அந்த அளவு முகவரி இடம் கேட்டதும்) நினைவகக் கணக்கு காட்டும் மெமின்ஃபோவில் ஃப்ரீ 20 அப்படியே நிற்கிறது, ரிசர்வ்டு 5 ஆகிறது. முதல் பக்கத்தில் ஒரு பைட் எழுதினேன்: ஃப்ரீ 19, ரிசர்வ்டு 4. டிக்கெட் எடுத்தாகிவிட்டது, இன்னும் ரயில் ஏறவில்லை என்ற நிலை அது. குறிப்பிட்ட பக்கம் எதையும் பிடித்து வைக்கவில்லை, உனக்கு 5 உண்டு என்ற உறுதி மட்டும்தான்.

ரிவ்யூவில் இந்த வேறுபாடு சோறு போடும். பக்கத்தை எடுத்த பிறகு நடுவில் பிழை வந்தால் பக்கத்தை விடுவித்தால் மட்டும் போதாது, எண்ணிக்கையில் கரைந்த முன்பதிவையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். கெர்னலில் இதற்கென்றே ‘ரிஸ்டோர் ரிசர்வ் ஆன் எரர்’ என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ‘பக்கத்தை விடுவித்தீர்கள், முன்பதிவை மீட்டீர்களா?’ என்று தமிழில் ஒரே வரியில் கேட்கலாம். இரண்டுக்கும் ஒதுக்கீடு என்று எழுதினால் இந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

நெருக்கடிக்கென்று நினைவகத்தின் ஒவ்வொரு ஸோனிலும் (மண்டலத்திலும்) அடிமட்டத்தில் விட்டு வைக்கும் மெமரி ரிசர்வ்ஸுக்குக் கையிருப்பு. அந்நியச் செலாவணிக்கு எழுதும் அதே சொல், மாற்றம் வேண்டாம்.

ரிக்வெஸ்ட் மெம் ரீஜன் என்ற ஃபங்ஷனை நம் பட்டியல் ‘நினைவகப் பகுதி ஒதுக்கு’ என்கிறது. இதையும் மாற்ற வேண்டும். அது எந்த நினைவகத்தையும் கொடுப்பதில்லை, மேப் செய்வதும் இல்லை. இந்த முகவரி எல்லை என் டிரைவருடையது என்று ரிசோர்ஸ் மரத்தில் பெயர் எழுதி வைப்பது மட்டுமே. வேறொருவர் முன்பே எழுதியிருந்தால் நமக்கு ‘நல்’ (NULL, வெற்றுச் சுட்டி) கிடைக்கும், டிரைவர் ஈபிஸி (‘இடம் ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது’ என்ற பிழை எண்), அதாவது கழித்தல் 16, திருப்பும். கேட்காமலே நேராக ஐஓரீமேப் செய்து அந்த முகவரிகளை இணைத்துக்கொள்கிறவரை இந்தப் பதிவு தடுக்காது. எனவே ‘உரிமை கோரு’. விடும்போது ‘உரிமை விடு’. இந்த ரிசோர்ஸ் மரத்தைக் காட்டும் ஐஓமெம் கோப்பைத் திறந்தால் சிஸ்டம் ராமுக்குள் உள்தள்ளி கெர்னல் கோடு, கெர்னல் டேட்டா, கிராஷ் கெர்னல் என்று யார் எங்கே இருக்கிறார் என்பது கிராம அடங்கல் போல வரிசையாக வரும். ரூட் (நிர்வாகி) ஆகாமல் திறந்தால் எல்லா வரியும் 00000000-00000000 என்று இருக்கும். புதியவர்கள் அதைப் பார்த்து போர்டு கெட்டுவிட்டது என்று பயப்படுவதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

எனக்கு முடிவு தெரியாமல் நிற்பது ஒன்றுதான்: சிஎம்ஏ, அதாவது தொடர்ச்சியான நினைவகத்தைக் கொடுக்கும் அலோகேட்டர். கேமராவுக்கென்று தொடர்ச்சியான இடத்தைப் பிடித்து வைக்கிறோம், ஆனால் கேமரா ஓடாத நேரத்தில் நகர்த்தக் கூடிய பக்கங்கள் அங்கே தங்கிக்கொள்ளலாம். டவுன் பஸ்ஸில் மகளிர் இருக்கை காலியாக இருந்தால் ஆண்கள் உட்காருகிறார்கள், பெண்கள் வந்ததும் எழுந்து கொடுக்கிறார்கள். எழ முடியாதவரை அங்கே உட்கார வைக்கக் கூடாது என்பதுதான் சிஎம்ஏவின் விதியும். டிவைஸ் ட்ரீயில் இதன் பெயர் ‘ரீயூஸபிள்’. மீள்பயன் என்றால் பொருள் மாறிவிடுகிறது, நடப்பது இரவல் கொடுப்பது. பூட் செய்தியிலும் ரிசர்வ்டு ஒரு எண்ணாகவும் சிஎம்ஏ-ரிசர்வ்டு தனி எண்ணாகவும்தான் வருகின்றன. ‘இரவல் காப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். இரவல் கொடுத்த காப்பா, இரவலாக வாங்கிய காப்பா என்று தம்பியே கேட்டுவிட்டான். இதைவிடத் தெளிவான சொல் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். வகுப்புக் குறிப்பில் காப்பு, முன்பதிவு, கையிருப்பு, உரிமை கோரல் நான்கையும் மாற்றிவிட்டேன். அந்த ஒரு இடத்தை மட்டும் வெற்றாக விட்டு வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை அச்சுக்குப் போகிறது.

அன்புடன்