கருவிழிக்குள் வைப்பது: உள்வைப்பா, பதியமா, செருகுபிறையா?

அன்பு நண்பர்களே,

கெரட்டோகோனஸ் நோயாளிகளுக்கான ஆய்வு ஒப்புதல் படிவம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். திங்களன்று கொடுத்தாக வேண்டும். கருவிழி மெலிந்து கூம்பாகப் பிதுங்குவதால் ‘கூம்புக் கருவிழி’ என்று போட்டுவிட்டேன். இடிப்பது ‘இம்ப்ளான்ட்’ என்ற சொல்லுக்குத் தமிழ். ‘கருவிழி மாற்று’ என்றால் பழையதை எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுவார்கள். இதில் எதையும் எடுப்பதில்லை. கருவிழியின் நடுவே பை போலக் கீறி நுழைக்கிறார்கள்.

---

கருவிழிக்குள் நுழைக்கும் வளையத்துண்டு பிறை வடிவம்தானே? ‘செருகுபிறை’. ஊறுகாய் போல வினைத்தொகை. செருகிய, செருகுகின்ற, செருகும், மூன்றும் அடக்கம்.

---

> செருகுபிறை

பிளாஸ்டிக் வளையத்துண்டுக்குச் சரி. 2022இல் வெளியான ஆய்வில் இந்தியாவிலும் ஈரானிலுமாக 20 பேருக்கு வைத்தது பன்றித்தோலின் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன வில்லை. அதை முழுநிலா என்பதா? என் ஓட்டு ‘பதியம்’.

---

> பதியம்

பதியம் வேர்விடும். அந்த வில்லையில் உயிரணுவே கிடையாது.

---

வேரிலிருந்தே தொடங்குவோம். கருவிழியைக் குறிக்கும் கார்னியா என்ற சொல் இலத்தீனில் கொம்பைக் குறிப்பதிலிருந்து வந்தது. நமக்கும் ‘கோடு’ கொம்புதான், கோடுதல் வளைதல். செங்கோலும் கொடுங்கோலும் அறிந்தவர்கள் நாம். நோயும் வளைவு, உறுப்பும் கொம்பு! ஆகவே ‘கோட்டுப்படலம்’. கெரட்டோகோனஸுக்கு வேரான கிரேக்கக் ‘கெராஸ்’ (அதுவும் கொம்புதான்) என்பதிலும் ககரம் இருப்பதைக் கவனிக்க. விரிவாகத் தனி மடலில்.

---

ஐயா, கோடு என்றால் நோயாளி ஸ்கேலைத்தான் நினைப்பார். தனி மடலையும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன், திங்கள் கழித்து.

இன்னொன்று. வரைவில் ‘பரிசோதனைச் சிகிச்சை’ என்றிருக்கிறது. கண் பரிசோதனை என்றால் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வது. கையெழுத்துப் போடுகிறவர் அதற்குத்தான் சம்மதிப்பதாக நினைத்துக்கொண்டால்? ‘ஆய்வுநிலைச் சிகிச்சை’ என்று மாற்றுங்கள். பிறையைவிட இதுதான் அவசரம்.

---

அதை உடனே மாற்றிவிட்டேன், நன்றி அம்மா. மற்றதற்கு ‘கருவிழி உள்வைப்பு’ என்று முடிக்கிறேன். நால்வர் சரி என்கிறீர்கள். முதல் இடத்தில் மட்டும் ‘இம்ப்ளான்ட்’ என்றும் சேர்த்திருக்கிறேன்.

---

> முதல் இடத்தில் மட்டும்

அந்த ஒரு இடமும் வேண்டாம் என்பதே என் கருத்து. உள்வைப்பு வெறும் பெயர்ப்பலகை. அதில் வடிவம் எங்கே? செருகுபிறையை நான் விடப்போவதில்லை.