'துவெர்மா' சரி, 'துர்மாமோஸ்' எப்படி வந்தது?

கேள்வி:
கோவையில் ஐடி வேலை. எங்கள் டீமில் பாதிப் பேர் மெக்சிகோவின் குவாதலஹாராவில் இருப்பதால், மாலை வகுப்பில் ஸ்பானிஷ் படிக்கிறேன். பி1 (நடுத்தர நிலை) வரை வந்தாச்சு. 'தோர்மீர்' (தூங்கு) நிகழ்காலத்தில் எனக்குத் தகராறு இல்லை: துவெர்மோ, துவெர்மெஸ், துவெர்மே, துவெர்மென். 'நாங்கள்' வடிவில் மட்டும் ஓ மாறாமல் தோர்மீமோஸ். சரி. சப்ஜங்டிவுக்கு (விருப்பம், சந்தேகம் சொல்லும் வினைவடிவு) போனால் துவெர்மா, துவெர்மாஸ்... 'நாங்கள்' வடிவு தோர்மாமோஸ் என்றுதானே வரணும்? புத்தகத்தில் துர்மாமோஸ்! ஆனால் 'போதேர்' (முடி) வினைக்குப் பொதாமோஸ் என்று ஒழுங்காகப் போட்டிருக்கிறது. வகுப்பில் கேட்டால் "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணுங்க" என்கிறார்கள். காரணம் தெரியாமல் எனக்கு எதுவும் மண்டையில் ஏறாது.

பதில் 1:
ஆர், ஏர் என்று முடியும் வினைகளில் 'நாங்கள்' வடிவு மாறாது: பென்சேமோஸ், பொதாமோஸ். ஈர் என்று முடிந்தால் ஓ உகரமாகும், எ இகரமாகும்: துர்மாமோஸ், சின்தாமோஸ், பிதாமோஸ். பரீட்சைக்கு இது போதும் தங்கச்சி.

பதில் 2:
பரீட்சைக்குப் போதும், ஆனால் அவர் கேட்டது காரணத்தை. இங்கே இரண்டு மாற்றங்கள் கலந்து கிடக்கின்றன.

முதலாவது அழுத்தம், அதாவது சொல்லில் எந்த அசை ஓங்கி ஒலிக்கிறது என்பது. ஸ்பானிஷுக்குத் தாயான லத்தீனில் குறிலாக இருந்த ஓ, அழுத்தம் விழுந்த இடத்தில் 'உவெ' ஆனது. 'நாங்கள்' வடிவில் அழுத்தம் விகுதிக்குப் போய்விடுவதால் ஓ தப்பித்துக்கொள்கிறது. அர்ஜென்டினாக்காரர்கள் 'நீ'க்கு 'வொஸ் தோர்மீஸ்' என்பார்கள். அங்கும் அழுத்தம் கடைசியில், அதனால் ஓ அப்படியே நிற்கிறது.

இரண்டாவது வேறு கதை. துர்மாமோஸின் லத்தீன் மூலம் 'தோர்மியாமுஸ்'. நடுவில் இருக்கும் அந்த 'இய' ஒலிதான் முன்னால் இருந்த ஓவை உகரமாகத் தூக்கிவிட்டது. அப்புறம் அது தேய்ந்து காணாமல் போனது. நாமே இடத்தை 'எடம்' என்கிறோம், குடத்தைக் 'கொடம்' என்கிறோம். பின்னால் வரும் அகரம் முன் உயிரை இழுக்கிறது இல்லையா? அதே சங்கதிதான், நம்மிடம் கீழே இறங்குகிறது, அவர்களிடம் மேலே ஏறுகிறது. பொதாமோஸில் அந்த 'இய'வின் தாக்கம் கிடையாது.

'இய' இன்னும் உயிரோடு இருக்கும் இடங்களைப் பாருங்கள்: துர்மியேந்தோ (தூங்கிக்கொண்டு), துர்மியோ (தூங்கினார்), துர்மியேரோன் (தூங்கினார்கள்). எல்லாம் உகரம். ஆனால் 'தோர்மீயா'வில் (முன்பு தூங்குவார்) ஈ முழு உயிர், அதனால் ஓ மாறவில்லை. இறந்தகால சப்ஜங்டிவும் துர்மியேரோனிலிருந்துதான் பிறக்கிறது: ரோனை எடுத்துவிட்டு ரா போட்டால் துர்மியேரா.

கேள்வி கேட்டவர்:
அடேயப்பா, இப்போது விளங்குகிறது! 'பெதீர்' (கேள்) வினைக்குப் போட்டுப் பார்த்தேன்: பிதியேந்தோ, பிதியேரோன், பிதியேரா. ஆனால் போதேர் ஏர் வினைதானே, அது ஏன் 'புதியேரா'?

பதில் 2:
அது தனி ரகம். அதன் இறந்தகாலமே 'புதே, புதிஸ்தே, புதோ' என்று முழுக்க உகரத்தில்தான் ஓடும். 'இய' இல்லாத புதோவிலும் உ இருக்கிறது, கவனியுங்கள்.

பதில் 3:
மெக்சிகோ டீம் என்பதால் ஒன்று சொல்கிறேன். 'வொசோத்ரோஸ்' (பலரைச் சொல்லும் 'நீங்கள்') வடிவை அங்கே பேச்சில் யாரும் பயன்படுத்த மாட்டார்கள். துர்மாயிஸ் எல்லாம் வாசித்தால் புரிந்தால் போதும். அதைவிட 'சென்தார்' (உட்கார வை), 'சென்தீர்' (உணர்) இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பழகுங்கள். சாதாரண நிகழ்காலத்தில் சென்தார் 'சியென்தா', சென்தீர் 'சியென்தே'. சப்ஜங்டிவில் அப்படியே இடம் மாறிக்கொள்ளும். காய்ச்சலில் லீவு போட்ட சகாவுக்கு 'எஸ்பேரோ கே தே சியென்தாஸ் மெஹோர்' என்று அனுப்பினால், உடம்பு தேறட்டும் என்று அர்த்தம். 'சியென்தெஸ்' என்று தட்டினால் ஒழுங்காக உட்காரச் சொன்ன மாதிரி ஆகிவிடும். 'நாங்கள்' வடிவில் அந்தக் குழப்பமே இல்லை: சென்தேமோஸ், சின்தாமோஸ்.