சந்தேகம்: அண்டார்டிகா குரூஸில் நினைவு முத்திரை, பாஸ்போர்ட்டிலேயே குத்திக்கொள்ளலாமா?

நாடோடி_36பக்கம்:
எல்லோருக்கும் வணக்கம். ஜனவரியில் அர்ஜென்டினாவின் உஷுவையாவில் கப்பல் ஏறி ஃபாக்லாந்து, தெற்கு ஜார்ஜியா, அண்டார்டிகா தீபகற்பம் பார்த்துவிட்டு மறுபடி உஷுவையாவிலேயே இறங்குவதாகத் திட்டம். வழியில் கிடைக்கும் நினைவு முத்திரை எதையும் விடக் கூடாது.

இந்தியப் பாஸ்போர்ட், 36 பக்கம். 5 பக்கம்தான் காலி. பாஸ்போர்ட்டின் வேறொரு பக்கத்தில் ஏற்கெனவே, பெரு நாட்டில் உள்ள மச்சு பிச்சு என்ற பழைய நகரத்தின் வாசலில் குத்தும் நினைவு சீல் இருக்கிறது. அது பிரச்சினை ஆகுமா, அழிக்க வழி உண்டா? இன்னொன்று, பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொள்வார்களாமே, அப்புறம் எப்படிக் குத்துவது? ரத்தான பழைய பாஸ்போர்ட் ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதில் வாங்கலாமா?

கவுன்டர்_3:
முதலில், எதையும் அழிக்காதீங்க. ரப்பர், ஸ்பிரிட், ஒயிட்னர், மேலே ஸ்டிக்கர் எதுவும் வேண்டாம். பாஸ்போர்ட் தாள் சாதாரணத் தாள் இல்லை. புற ஊதா விளக்கில் மங்கலாகத் தெரியும்படி செய்தது. ரசாயனம் பட்ட இடம் அந்த விளக்கின் கீழே தனியாகக் காட்டிக்கொடுக்கும். இப்போது இருப்பது அசட்டு சீல். அழித்த பிறகு அது திருத்தப்பட்ட பாஸ்போர்ட். 1967 பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவு அனுமதியில்லாமல் பதிவுகளைத் திருத்துவதைக் குற்றமாகச் சொல்கிறது. பக்கத்தைக் கிழிப்பது அதைவிட மோசம்.

விசா பக்கத்தில் ஒரே ஒரு மச்சு பிச்சு சீல் என்றால் பெரும்பாலான அதிகாரிகள் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். ஆனால் அது அரசு அதிகாரி போட்டது இல்லை, அதனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. 2019-இல் இதே சீலைக் காட்டி ஒரு பிரிட்டிஷ் பயணியைத் தாய்லாந்துக்குப் போகும் விமானத்தில் ஏற்ற மறுத்தது செய்தியானது. இதில் முதலில் கைவைப்பது இமிகிரேஷன் இல்லை, செக்-இன் கவுன்டர். போகிற நாடு பயணியைத் திருப்பி அனுப்பினால் செலவு விமான நிறுவனத்தின் தலையில் விழும். அதனால் அவர்கள் சந்தேகம் வந்தால் ஏற்றாமல் இருப்பதையே விரும்புவார்கள்.

சீல் எந்தப் பக்கத்தில் என்று பாருங்க. போட்டோ பக்கம், அதிகாரிகள் குறிப்பு எழுதும் அப்சர்வேஷன் பக்கம், பெற்றோர் பெயரும் முகவரியும் உள்ள கடைசிப் பக்கம் இவற்றில் இருந்தால் யோசிக்காமல் புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்க.

நாடோடி_36பக்கம்:
நல்லவேளை, நடுவில் ஒரு விசா பக்கத்தில்தான்.

கவுன்டர்_3:
அப்படியே விடுங்க. ஆனால் 5 காலிப் பக்கம் என்பது அதிகம் இல்லை. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கே 2 காலிப் பக்கம் கேட்பார்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது 60 பக்க ஜம்போ கேளுங்க. பக்கம் தீர்ந்துவிட்டது என்பதும் புதுப் பாஸ்போர்ட் வாங்கும் ரீ-இஷ்யூவுக்கு ஏற்ற காரணம்தான்.

பழைய பாஸ்போர்ட்டையும் தொடாதீங்க. ரத்தானாலும் 17-ஆம் பிரிவுப்படி அது மத்திய அரசின் சொத்து. அதில் இன்னும் செல்லுபடியாகும் அமெரிக்க விசா இருந்தால் புதியதோடு சேர்த்து அதையும்தான் காட்ட வேண்டும். பழைய பயண விவரத்துக்காக விசா விண்ணப்பத்தில் அதன் நகலும் கேட்கப்படலாம்.

தெற்கே_போ:
கப்பல் விஷயம் நான் சொல்கிறேன். இந்த எக்ஸ்பெடிஷன் கப்பல்களில் பெரும்பாலும் ஏறும்போதே ரிசப்ஷனில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். துறைமுகம் வந்ததும் ஏஜென்ட் பயணிகள் பட்டியலைக் கொடுத்து மொத்தமாக அனுமதி வாங்கிவிடுவார். ஆள் ஆளாக வரிசையில் நின்று சீல் வாங்கும் சமாசாரம் இல்லை. நீங்கள் கரையில் நிற்கும்போது பாஸ்போர்ட் உங்கள் கையிலேயே இருக்காது. ஆகவே தனி நோட்டு ஒன்று வேண்டும்.

இடம் இடமாக:

உஷுவையா: துறைமுக வாசலுக்கு அருகிலேயே சுற்றுலாத் தகவல் மையம். ‘உலகின் முடிவு’ முத்திரைகள் காசில்லாமல் கிடைக்கும். கப்பல் ஏறும் நாள் மதியம் அங்கே கூட்டம். முந்தின நாளே போய்விடுங்க.

ஃபாக்லாந்து: ஸ்டான்லியில் படகு இறக்கிவிடும் ஜெட்டியிலேயே பார்வையாளர் மையம். அஞ்சலகம் ராஸ் சாலையில், நடக்கும் தூரம். கடைசியில் மிஞ்சும் ஃபாக்லாந்து பவுண்டைச் செலவழித்துவிடுங்க, வெளியே பெரும்பாலும் செல்லாது.

தெற்கு ஜார்ஜியா: கிரிட்விக்கன் பக்கத்தில் கிங் எட்வர்ட் பாயின்டில் அரசு அதிகாரி கப்பலுக்கே வருவார். சில கப்பல்களில் பாஸ்போர்ட் கட்டு மொத்தத்துக்கும் தெற்கு ஜார்ஜியா முத்திரை விழும். அது அரசு அதிகாரி போடுவது, நினைவு சீல் கணக்கில் வராது, பயப்பட வேண்டாம். பக்கம் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் முத்திரை வேண்டாம் என்று முதல் நாளே ரிசப்ஷனில் எழுதிக் கொடுங்க. கரையில் மியூசியமும் அஞ்சலகமும் உண்டு.

போர்ட் லாக்ராய்: அண்டார்டிகா தீபகற்பத்தில், எல்லோரும் குறிவைப்பது இதைத்தான். 1944-இல் பிரிட்டன் அமைத்த ஏ தளம், இப்போது ஓர் அறக்கட்டளை நடத்தும் மியூசியமும் அஞ்சலகமும். தோராயமாக நவம்பர் முதல் மார்ச் வரைதான் ஆள் இருப்பார்கள். அங்கே குத்துவது சுத்தமான நினைவு முத்திரை. அண்டார்டிகாவுக்கு இமிகிரேஷன் என்று ஒன்று கிடையாது, 1961-இல் நடைமுறைக்கு வந்த அண்டார்டிகா ஒப்பந்தத்தின் கீழ் நாடுகளின் எல்லைக் கோரிக்கைகள் நிறுத்திவைக்கப்பட்டிருக்கின்றன. காற்றும் பனிக்கட்டியும் ஒத்துழைக்கவில்லை என்றால் இறங்கவே முடியாது. சில சமயம் அங்குள்ள ஊழியர்களே முத்திரையோடு கப்பலுக்கு வருவார்கள். அறிவிப்பைக் காதில் வாங்குங்க, நோட்டு கேபினில் கிடந்து பிரயோஜனம் இல்லை.

நாடோடி_36பக்கம்:
ரொம்ப நன்றி இருவருக்கும். கடையில் அழகான நோட்டு ஒன்று வாங்கி ஆபீஸ் சீல் வைத்துச் சோதித்தேன். பத்து நிமிடம் ஆகியும் கையில் ஒட்டுகிறது, எதிர்ப்பக்கத்தில் கண்ணாடி பிம்பம் மாதிரி விழுகிறது. இன்னொரு மெல்லிய நோட்டில் உடனே காய்ந்தது, ஆனால் பின்பக்கம் அப்படியே தெரிகிறது.

மையொற்றி:
முதல் நோட்டில் தாள் வழவழப்பாக இருக்குமே? ஸ்டாம்ப் பேட் மை காற்றில் காய்வது குறைவு, அது தாளுக்குள் இறங்க வேண்டும். கிளிசரின் வகைச் சேர்ப்பு இருப்பதால்தான் பேட் மாசக்கணக்கில் காயாமல் இருக்கிறது. பூச்சுப் பூசிய தாளில் மை இறங்க இடமில்லை, மேலேயே நிற்கும். இரண்டாவது 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஜெராக்ஸ் தாள் ரகம், நேரே ஊறி மறுபக்கம் போய்விட்டது.

ஓவியத்துக்கு வரும் கார்ட்ரிட்ஜ் தாள், 130 ஜிஎஸ்எம் அக்கம்பக்கம், பூச்சு இல்லாதது எடுங்க. A4 தாள் 4 போதும். ஒவ்வொன்றிலும் 176 × 125 மி.மீ. துண்டு இரண்டு வரும். A4-இன் நீளப் பக்கத்தில் 125-ஐ அளக்கணும். துண்டை நடுவில் மடித்தால் 88 × 125, அசல் பாஸ்போர்ட் அளவு. 8 துண்டை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, மடிப்பில் மூன்று துளை போட்டு நூலால் தையுங்க: 32 பக்கம். ஸ்டேப்ளர் வேண்டாம், கடல் காற்றில் துருப்பிடித்து முதலில் கறைபடுவது அந்த இடம்தான். வலப்பக்கம் மட்டும் முத்திரை என்று வைத்தால் 16 வரும். இடையில் பட்டர் பேப்பர் வையுங்க.

குத்தும்போது தாளுக்கு அடியில் மவுஸ் பேட் போல 2 மி.மீ. மெத்து ஒன்று வைத்தால் நடுவில் வெளுப்பு விழாது. ஆட்டாமல் நேராக இரண்டு விநாடி அழுத்திவிட்டு எடுங்க. குளிரில் மை இறுகியிருக்கும், முதல் அச்சு பல் போன மாதிரி வரும். அதனால் கழிவுத் தாளில் இரண்டு தடவை குத்திவிட்டு மூன்றாவதை நோட்டில். கையுறை ஈரம் பட்டால் மை ஓடிவிடும். கரைக்குக் கூட்டிப்போகும் ஜோடியாக் ரப்பர் படகில் தெறிக்கும் தண்ணீருக்கு இரட்டை ஜிப் கவர் கட்டாயம். தேதி, இடம் பென்சிலில் எழுதுங்க.

தெற்கே_போ:
இன்னொரு வழியும் உண்டு. அஞ்சலகம் உள்ள இடத்தில் மிகக் குறைந்த மதிப்பு அஞ்சல்தலை ஒன்றை வாங்கி நோட்டில் ஒட்டி, அதன் மேல் அஞ்சல் முத்திரை குத்தித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்க. இடமும் தேதியும் சேர்ந்து விழும். கூட்டம் இருந்தால் மறுப்பார்கள், வற்புறுத்தக் கூடாது. பாஸ்போர்ட்டில் இதைச் செய்யாதீங்க.

கவுன்டர்_3:
சீலைவிட முக்கியமான ஒன்று விட்டுப்போச்சு. கப்பல் கிளம்பினால் அர்ஜென்டினாவை விட்டு வெளியேறி மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழையும் விசா வைத்துக்கொண்டு ஏறாதீங்க. பலமுறை நுழைய முடியுமா என்று இப்போதே பாருங்க. கப்பல் பில், போர்டிங் அட்டை இரண்டையும் பத்திரப்படுத்துங்க. வெளியேறும் முத்திரை விழாமல் போனாலும் தேதிக்கு அதுதான் ஆதாரம்.

நாடோடி_36பக்கம்:
விசாவில் ‘மல்டிபிள்’ என்று இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். கார்ட்ரிட்ஜ் தாளில் சீல் இரண்டு நிமிடத்தில் காய்ந்தது, பின்பக்கம் சுத்தம். நூல் நைலானா, பருத்தியா?

மையொற்றி:
பருத்தி, கொஞ்சம் மெழுகு தடவி. நைலான் தாளை அறுக்கும்.